ஒன்றுகூடச் சாகக் கூடாது

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது பால் காய்ச்சப் போன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணப் புடவையில், கையில் பால் சொம்போடு வாசலில் நிற்கிறேன். வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைத்தான் பார்த்தார்.

"ஆரணியா?"

"ஆமாங்கம்மா. கல்யாணத்துக்கு எடுத்தது."

"இந்த ஒரு புடவைக்கு எத்தன ஆயிரம் புழுவ உசுரோட வெந்நியில போட்டிருப்பாங்க தெரியுமா? போய் நூல் புடவை மாத்திக்கிட்டு வந்து பால் காச்சு."

என் கணவர் அப்போதே திரும்பிவிடலாம் என்றார். செங்கம் சாலையில் நான் வேலை பார்த்த உணவகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை. அதனால் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன். நாங்களும் எங்கள் இரண்டு பிள்ளைகளுமாக ஐந்து வருடம் அந்த மாடியில் குடியிருந்தோம். அவருக்குக் கோபம் வராத ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

அவர் சமணர். போளூர்ப் பக்கத்துக் கிராமம். இளம் வயதிலேயே கணவர் போய்விட்டார், குழந்தை இல்லை. பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சாப்பிட மாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அவருடைய சமையலறைக்குள் வராது. தேரடி வீதியை ஒட்டிய சந்தில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருந்தார். அங்கேயும் நூல் துணி மட்டும்தான்.

மாடிப்படி சுவிட்சுப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியபோது, அது தானாகக் கிளம்பும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் செல்போன் வெளிச்சத்தில் படியேறினோம். சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்க வந்த ஒருவரைத் தெருமுனைவரை பின்னாலேயே போய்த் திட்டினார். அந்த ஆள் மலை சுற்ற வருகிற பௌர்ணமிக் கூட்டம் நெரிகிற நாளில்கூட மறுபடி எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. எறும்புச் சாரியைப் பார்த்தால் காலைத் தூக்கி எட்டி வைத்து நடக்கிற அதே அம்மாள், பேச ஆரம்பித்தால் மனிதர்களை மிதித்துக்கொண்டு போவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் புழு வளர்க்க ஆரம்பித்தேன்.

உணவகத்தில் என்னோடு காய் நறுக்கிய ஓர் அக்கா, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் இரண்டு கைப்பிடி மண்புழுவைப் போட்டுக் கொடுத்தார். மாடியில் காய்கறித் தோல் சேர்ந்து நாறிக்கொண்டிருந்தது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து, சூடேற்றிய ஆணியால் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஊறவைத்துப் பிழிந்து அடியில் போட்டேன். அதற்கு மேல் தென்னை நார்த்தூள், காய்ந்து ஆறிய பழைய சாணி, ஒரு கைப்பிடி மண். புழுக்களை விட்டு, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தினேன். மாடி முழுக்க வெயில் என்பதால் வாளியைக் கீழே படிக்கட்டுக்கடியில் கொண்டுபோய் வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. அது என் தப்பு.

மறுநாள் காலையில் கீழேயிருந்து குரல் வந்தது. இறங்கிப் போனேன். சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன இது?"

"மண்புழுங்கம்மா. காய்த்தோலு போட்டா தின்னுட்டு எருவாக்கிடும்."

"உன் வீட்டுக் குப்பைய தின்றதுக்குத்தான் அதுங்க பொறந்துச்சா? மண்ணுல போறத எடுத்தாந்து வாளியில அடைச்சு வெச்சிருக்க. உன்ன ஒரு டிரம்முல போட்டு மூடி வெச்சா இருப்பியா?"

"வேணாம்னா தோட்டத்துல விட்டுடறேங்கம்மா."

"எந்தத் தோட்டம்? தெரு பூரா சிமெண்டு. காக்கா கொத்திட்டுப் போறதுக்கா?"

கொஞ்ச நேரம் அந்த வாளியையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்கை அவரே மெதுவாகப் போர்த்தினார்.

"கொண்டாந்துட்ட. இனிமே ஒண்ணுகூடச் சாகக் கூடாது. ஒண்ணு செத்தாலும் நீ வீட்ட காலி பண்ணு."

கோபத்தில் சொல்கிறார், இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் சாப்பிடுமுன் ஒரு தடவை வாளியைத் திறந்து பார்ப்பார். கை வைக்க மாட்டார், நகம் பட்டால் புழுவுக்கு வலிக்கும் என்பார். ஒரு மர அகப்பையால் மேல்மண்ணை லேசாக விலக்குவார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஈரம் கம்மியா இருக்கு பாரு. தோலு காஞ்சா அதுங்களுக்கு மூச்சு நிக்கும்."

"நேத்துப் போட்டதே அப்படியே கெடக்கு, இன்னைக்கும் கொண்டாந்து கொட்டியிருக்க. ஜாஸ்தி போட்டா அழுகிச் சூடாகும். அறிவு வேணாமா?"

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்காதீர்கள். நான் கொண்டுவந்த புழுவை வைத்து என்மேல் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறார். கடையில் அவருக்கு உதவியாக இருந்த மல்லிகா அக்கா சொன்னார். அவர் குறை சொல்லச் சொல்ல எனக்கும் கோபம் ஏறியது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

ஒரு தடவை வாளிக்கு எறும்பு வந்துவிட்டது. வாளியைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்தால் ஏறாது என்று உணவகத்தில் சொன்னார்கள். வைத்தேன். எறும்பு தண்ணீரில் விழுந்து சாகும் என்று அதற்கும் திட்டினார். சுவரோரம் ஒரு வெல்லத்துண்டை வைத்துவிட்டு, எறும்புச் சாரி அந்தப் பக்கம் திரும்புகிறவரை ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று மல்லிகா அக்கா இரண்டு தடவை போன் செய்தார். "எறும்பு போய்க்கிட்டு இருக்கு, வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொரு முறை, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் விவரம் தெரியாமல் மிச்சமான ஊறுகாயையும் சாம்பார்ச் சோற்றையும் வாளியில் கொட்டிவிட்டார். உப்பும் புளிப்பும் காரமும் தாங்காமல் விடிவதற்குள் புழுக்கள் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையெல்லாம் நெளிந்தன. நான் இறங்கி வந்தபோது வீட்டுக்காரம்மா முழங்கால் போட்டு, பூவரச இலை ஒன்றால் ஒவ்வொன்றாக ஏந்தி ஈரத்துணியில் விட்டுக்கொண்டிருந்தார். பதினொரு புழு செத்துப்போயிருந்தது. எண்ணி வைத்திருந்தார்.

என்னைக் காலி பண்ணச் சொல்வார் என்று பயந்தேன். அவர் வேறு மாதிரி பழி வாங்கினார். "இன்னைக்கு நான் சாப்பிடப் போறதில்ல. உன்னால" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமியார் அவமானத்தில் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார். உண்ணாமல் இருந்தே அடுத்தவரை அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனாலும் அவர் பிறரிடம் கோபப்படும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். அவருடைய ஊரிலிருந்து சமணப் பெரியவர் ஒருவர் வந்தார். படிக்கட்டுக்கடியில் வாளியைப் பார்த்துவிட்டு, "ஜீவன அடைச்சு வெச்சு வேலை வாங்கறது நமக்கு ஆகுமாம்மா? இது பாவமாச்சே" என்றார்.

"நீங்க இடுப்புல கட்டியிருக்கிறது என்ன வேட்டி?"

பெரியவர் குனிந்து பார்த்துக்கொண்டார். பட்டுக்கரை போட்ட வேட்டி.

"அதுல எத்தன ஜீவன்னு எண்ணிச் சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட பாவத்தப் பேசுங்க. இங்க அடைச்சு வெச்சது நான் இல்ல, மாடியில இருக்கறவ. செத்துடாம பாத்துக்கறதுதான் நான்."

அந்த ஒரு வாளியிலேயே எங்கள் இருவருக்குமான பாவத்தையும் புண்ணியத்தையும் இப்படிப் பிரித்துவிட்டார்.

இவ்வளவு நாளும் அவரை ஒரு சிடுசிடுப்பான நல்ல மனுஷி என்றுதான் வைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு மே மாதப் பகலில் போயிற்று.

அதற்கு முன்னால் பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்மா அவருடைய அண்ணன் மகள். தாய் இறந்ததும் நாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். அத்தைதான் வளர்த்தார், வேலூரில் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே கூடப்படித்த, வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவள் இருந்த மாடியைத்தான் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இதெல்லாம் மல்லிகா அக்கா சொல்லித்தான் தெரியும். பத்மாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

அக்னி நட்சத்திரம். மலைப்பாறை சூடேறினால் எங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயும் அனல் அடிக்கும். அந்த நாட்களில் அவர் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாக்கை நனைப்பார். அன்றைக்கும் நனைத்துக்கொண்டிருந்தார். எனக்கு விடுமுறை, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். ஆட்டோ போய்விட்டது.

"அத்தை" என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் பத்தடிதான் இருக்கும். சொம்பிலிருந்து கையால் தண்ணீரை அள்ளிச் சாக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்.

"அத்தை, பாப்பாவ மட்டுமாவது பாருங்க. நான் உள்ள வரல."

கேட்டில் பூட்டு. சாவி அவர் இடுப்பில். நான் கீழே ஓடிவந்து கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பத்மா அதைக் குடிக்கவில்லை. முந்தானையை நனைத்துக் குழந்தையின் தலையில் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாட்டிலைக் கம்பிக்குள் திரும்ப வைத்துவிட்டு, சுவர் நிழலை ஒட்டித் தெருமுனைக்கு நடந்துபோனாள்.

அவர் இரண்டாவது சொம்பை மொண்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"புழுவுக்கு வெயில் படக்கூடாதுன்னு கடைய மூடிட்டு வர்றீங்க. அந்தக் குழந்தை மனுஷக் குழந்தைதானே?"

"உன் வேலைய பாரு."

"அதுக்கும் தோலு காயும்மா."

"அதுங்க என்னை ஏமாத்தல" என்றார். வாளியிலிருந்த புழுக்களைத்தான் சொன்னார்.

"கைக்குழந்தை உங்கள என்னத்த ஏமாத்துச்சு?"

சாக்கை நான்கு பக்கமும் ஒழுங்காக இழுத்து மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

பதினொரு புழு செத்ததற்குத் துரத்தாதவர், இந்த ஒரு வார்த்தைக்குத் துரத்தினார்.

அடி அண்ணாமலையில் வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற வந்த டெம்போவில் கடைசியாக வாளியைத் தூக்கி வைக்கப் போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இந்த வெயில்ல தகரத்து மேல வெச்சு அத கொண்டுபோவியா? வெந்துடும். அது இங்கயே இருக்கட்டும். நீங்க போங்க."

என் வாளி, என் புழு. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே டெம்போவில் அதே தகரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. வாளியைச் சத்தம் வரக் கீழே வைத்தேன். ஒரு கைப்பிடி புழுகூட எடுத்துக்கொள்ளவில்லை. "வெச்சிக்கிட்டு நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன். அதன்பிறகு மூன்று வருடம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. கடையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் சந்து மாறிப் போனேன்.

போன பங்குனியில் மல்லிகா அக்கா போன் செய்தார். வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்து ஆறு நாளாயிற்று என்றார். கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"உனக்கு ஒரு விஷயம் சொல்லி வெச்சிருந்தாங்கம்மா. போன வருஷமே சொன்னாங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மாடியில இருந்தாளே அவள கூப்பிடு, வாளிங்கள அவகிட்ட குடுத்துடு, வேற யாருக்கும் பாத்துக்கத் தெரியாதுன்னு."

நான் கேட்ட முதல் கேள்வி, "பத்மாவுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் மல்லிகா அக்கா.

மறுநாள் முற்பகலில் போனேன். கேட் திறந்து கிடந்தது. உள்ளே பத்மா பித்தளைச் சாமான்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கீழ்பென்னாத்தூரில் கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"தண்ணி பாட்டில் குடுத்தவங்கதானே?"

"ஆமாம்மா."

படிக்கட்டுக்கடியைப் பார்த்தேன். நான் விட்டுப்போன ஒரு வாளி நான்காகப் பெருகியிருந்தது. புழு பெருகப் பெருகப் பிரித்து வைத்திருக்கிறார். மல்லிகா அக்கா முதல் இரண்டு நாள் தண்ணீர் தெளித்தாராம், பிறகு காரியத்துக்கு வந்த கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நான்கு சாக்கும் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன.

"எதுக்கு வந்தீங்க?"

சொன்னேன். அத்தை சொல்லி வைத்திருந்ததை மல்லிகா அக்கா சொன்னபடியே சொன்னேன். அவள் கோணியின் வாயை இறுக்கிக் கட்டி முடித்தாள்.

"என்னப் பத்தி ஏதாவது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடைசி நாட்களில் உன் பெயரைச் சொன்னாராம் என்று ஒரு வரி போதும். செத்தவருக்கு அப்படி ஒரு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலையாம்" என்றேன்.

பத்மா எழுந்தாள். முதல் வாளியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெயில் நேராக விழுகிற சிமெண்டுத் தரையில் வைத்துக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். கறுப்பு எரு கட்டியாகச் சரிந்தது. அதிலிருந்து புழுக்கள் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி, சூடு பட்டதும் துள்ள ஆரம்பித்தன.

"சாகட்டும்" என்றாள். "எல்லாம் சாகட்டும். நாலு வயசுலேர்ந்து வளத்த எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்ல. இதுங்களுக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காங்க."

நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. இருந்தும் நின்றேன். கேட்டுக்கு வெளியே ஈர முந்தானைக்குள் இருந்த குழந்தையின் முகம் மூன்று வருடமாக எனக்குள் இருந்தது. அந்த அம்மாளுக்கு எது வலிக்குமோ அது நடக்கட்டும் என்று, வெயிலில் துடிக்கிற அந்தப் புழுக்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மதில்மேல் இருந்த காகம் இறங்கி ஒன்றைக் கவ்வியது.

பத்மா அதன்மேல் பாய்ந்தாள். கையை வீசி அதை விரட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் எருவோடு புழுக்களை வாரி வாளிக்குள் போட ஆரம்பித்தாள். முதுகை வெயிலுக்குக் கொடுத்துக் குனிந்து, தன் நிழலுக்குள் அவற்றை ஒதுக்கினாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, நீங்களும் ஒரு மனுஷியா? தண்ணி கொண்டாங்க. குழாயில பிடிக்காதீங்க, சூடா வரும். உள்ள பானையில இருந்து மொண்டாங்க. மெதுவா ஊத்துங்க, அதுங்க மேல ஊத்தாதீங்க."

மொண்டு கொண்டுவந்து ஊற்றினேன். அவள் கையெல்லாம் எரு, கண்ணிலிருந்து வடிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அத்தையையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே ஒட்டிக்கிடந்த கடைசிப் புழுவரை எடுத்துப் போட்டாள். பிறகு மற்ற மூன்று வாளிகளையும் திறந்து பார்த்தாள். அடியில் ஈரம் இருந்தது. புழுக்கள் மேலே காய்ந்ததும் கீழே இறங்கிப் பிழைத்திருந்தன.

வெயில் தாழ்ந்தபின் ஆட்டோ வந்தது. கோணிகளை அவள் உள்ளேயே விட்டுவிட்டாள். வாளிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கால் வைக்கும் இடத்தில் நெருக்கி வைத்தாள். நான்காவதை நான் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அது எனக்கு என்று நினைத்தேன். கையை நீட்டி அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க எனக்குக் குடுக்கலீங்க" என்றாள். "நானா எடுத்துக்கிட்டுப் போறேன்."